தட்டிலே சைவம், நாவிலே ‘எவடம்?’

‘வீகன்’ என்றொரு சொல் இன்று எம்மவருட் சிலருக்குப் புதிய பட்டமாகிவிட்டது. பாலும் வேண்டாம், நெய்யும் வேண்டாம், முட்டை வேண்டாம், தேனுங்கூட வேண்டாம், மரமும் செடியும் கொடியும் தருவதே போதும் என்று மேல்நாட்டார் சிலர் உண்ணத் தொடங்கியதைக் கண்டு, “இதைத்தானே நாம் தலைமுறை தலைமுறையாக உண்டு வந்தோம்! உலகத்துக்குச் சைவ உணவைக் கற்பித்தவர் தமிழரன்றோ!” என்று மார்தட்டுகின்றனர். கலியாணப் பந்தியிலும் கோயில் மலர்களிலும் புலம்பெயர்ந்தோர் சங்கங்களின் ஆண்டுவிழா மேடைகளிலும் இம்முழக்கம் ஓங்கி ஒலிக்கின்றது. முழங்குவோரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதற்கு முன், இதனை எழுத எம்மைத் தூண்டிய நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகின்றோம்.

சென்ற பயணத்தில் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் உறவினர் வீட்டிற் சில நாட்கள் தங்கினோம். ஊனுணவு நாடு என்று நாம் நினைத்திருந்த அந்நாட்டிலே, ஹில்ற்றில் என்ற மரக்கறி உணவுச்சாலை 1898 ஆம் ஆண்டு தொடக்கம் இன்றுவரை நடைபெறுகின்றது என்பதை அறிந்து வியந்தோம். அங்கே போகலாமென்று புறப்பட்டோம். இடமில்லை. அயலிலே சிறியதொரு பீற்சாக் கடை இருந்தது. முழுவதும் வீகன் என்று வாயிலில் எழுதியிருந்தார்கள். எம்முடன் வந்திருந்தவர் எமது பருத்தித்துறை நண்பர் ஒருவர், உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், படித்தவர், திருமுறை பாடுபவர், வெள்ளியும் செவ்வாயும் மச்சம் தொடாதவர். அவருக்கு ஏற்ற இடமென்று உள்ளே நுழைந்தோம்.

பீற்சா வந்தது. தக்காளிக் கூழ், சுட்ட கத்தரிக்காய், வெங்காயம், எங்கள் துளசியின் இனத்தைச் சேர்ந்த ஒரு பச்சிலை, மேலே பாற்கட்டிக்குப் பதிலாகக் கஜுவை ஊறவைத்து அரைத்துச் செய்த வெள்ளைக் கட்டி. குறை சொல்ல இடமில்லை. பீற்சா பிறந்த நேப்பிள்ஸ் நகரிலேயே ‘மரினாரா’ என்ற பழைய வகைக்குப் பாற்கட்டி இடுவதில்லை. தக்காளியும் உள்ளியும் எண்ணெயும் வாசனை இலையுந்தான். ஏழைத் தொழிலாளர் தெருவில் நின்று தின்ற பண்டம் அது. அந்நகரத்துப் பீற்சாக் கலையை 2017 இல் யுனெஸ்கோ உலக மரபுகளின் வரிசையிற் சேர்த்தது.

நண்பர் ஒரு துண்டைக் கடித்தார். “இதில என்ன புதினம்? எங்கட அம்மா வைச்ச கத்தரிக்காய்ப் பால்கறியும் இதுதானே!” என்றார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. யாழ்ப்பாணத்து அடுக்களையிற் பால்கறி என்றாலும் சொதி என்றாலும் பாலப்பம் என்றாலும் பால் என்பது தேங்காய்ப்பாலே. பருத்தித்துறை ஓடக்கரையில் எமது பெண்கள் சுட்டு விற்கும் தோசையும் அப்பமும், ஊர் கடந்து பெயர் பெற்ற பருத்தித்துறை வடையும், பிளேன்ரீயுடன் கடிக்கும் பனங்கட்டியும் எந்த மாட்டின் மடியையும் நம்பியிருப்பன அல்ல. மோரையும் தயிரையும் நெய்யையும் தள்ளிவிட்டால், எமது மரக்கறிச் சாப்பாடு அந்த வெள்ளையரின் இலக்கணத்துக்கு இம்மியும் பிசகாது. இங்கிலாந்திலே டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் 1944 இல் ‘வீகன்’ என்ற சொல்லை ஆக்குவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்னமே எமது பாட்டிமார் அவ்வாறு சமைத்தார்கள். இவ்வளவும் சரி.

இவ்வேளையில், திறந்த அடுப்படியில் மாப் பிசைந்து நின்ற ஒருவர் எமது பேச்சைக் கேட்டுக் கைகளைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தார். தமிழர். 1983 இன் பின் அந்நாட்டுக்கு ஓடிச்சென்ற எம்மவர் பல்லாயிரவருக்கு முதலிற் சோறு போட்டவை உணவுச்சாலை அடுப்படிகளே என்பது யாவரும் அறிந்தது. கோப்பை கழுவி, வெங்காயம் உரித்து, பின்னர் சமையலாளராய் உயர்ந்தவர் பலர். இவரும் அத்தகையவர்.

“ஊரோ?” என்று கேட்டார்.

“ஓம், பருத்தித்துறை” என்றார் நண்பர்.

அம்மனிதரின் முகம் மலர்ந்தது. “நானும் பருத்தித்துறைதான் ஐயா.”

நண்பரின் முகமும் மலர்ந்தது. ஆனால் அடுத்த கணமே அவருடைய நா தன் பழைய தொழிலைத் தொடங்கிவிட்டது. “பருத்தித்துறையில எவடம்?”

“ரவுணுக்குக் கிட்ட, ஐயா.”

“அது சரி, எவடம்? எந்தக் கோயிலடி? ஆற்றை ஆள்?”

அவர் சிரித்தார். “பீற்சா ஆறப்போகுது, ஐயா, சாப்பிடுங்கோ” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பினார். பின்னர் அவர் எங்கள் பக்கம் திரும்பவேயில்லை.

அவர் எச்சாதியினர் என்பதை நாம் அறியோம். அறிய வேண்டிய தேவை எமக்கு இல்லை. அன்று அம்மேசையில் நாமும் வாய்மூடி இருந்தோம் என்பதை மட்டும் இங்கே வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளுகின்றோம்.

யாழ்ப்பாணத்தாருக்கு ‘எவடம்’ என்பதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. வெளியூரார் கேட்டால் அன்பான விசாரிப்பென்றே எண்ணுவர். வீதியை அறிந்து, கோயிலை அறிந்து, உறவை அறிந்து, ஈற்றில் ‘சாதி’ என்ற சொல்லை ஒருமுறைகூட உச்சரியாமலே சாதியைக் கண்டுகொள்ளும் வித்தை அது. ஆட்களை எடை போடுவதற்கு எம்மவர் செய்த தராசு. படகேறி, விமானமேறி, காட்டு வழியாலும் எல்லை கடந்து போனவர்கள் பல பொருள்களை வழியிலே தொலைத்தார்கள். கடவுச்சீட்டைக் கிழித்தெறிந்தவர்களும் உண்டு. இந்தத் தராசை மட்டும் எவரும் தொலைக்கவில்லை.

இனி எமது கேள்வி. ‘சைவம் தந்தவர் நாம்’ என்கின்றீர்களே, யாழ்ப்பாணத்துச் சைவக்கடையின் வரலாற்றைச் சொல்லுவீர்களா?

சொல்லமாட்டீர்கள். ஆதலின் நாம் சொல்லுகின்றோம். எமது பட்டினங்களின் சைவக்கடைகளிலும் தேநீர்க் கடைகளிலும், இந்த நூற்றாண்டு பிறப்பதற்கு முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்வரை, தாழ்த்தப்பட்டோரென ஒதுக்கப்பட்ட மக்கள் மேசையில் அமர முடியாது. வெளியிலே நிற்க வேண்டும். அல்லது நிலத்திற் குந்த வேண்டும். மற்றோருக்குக் கண்ணாடிக் குவளை. அவர்களுக்கு வேறாக வைத்த தகரப்பேணி அல்லது போத்தல். வீடுகளிற் சிரட்டை. காசு மட்டும் வேறாக வைக்கப்படவில்லை! அவர்கள் தந்த சதமும் மற்றோர் தந்த சதமும் ஒரே லாச்சிக்குள் ஒன்றையொன்று தீண்டிக்கொண்டு கிடந்தன.

அந்தச் சைவக்கடைக்குள் எவை போயின, எவர் போகவில்லை என்பதை வடமராட்சிக் கமக்காரர்கள் ஒருமுறை நெஞ்சில் கைவைத்து எண்ணிப் பார்க்கட்டும். துலா மிதித்து, பட்டையால் நீர் இறைத்து, வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் தண்ணீர் கட்டியவர்களுட் பெரும்பகுதியினர் எவர்? காணியற்ற கூலிகள்; பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்கள். அவர்கள் நட்ட கத்தரி உள்ளே போயிற்று. அவர்கள் கிண்டிய வெங்காயம் உள்ளே போயிற்று. பனையேறிக் கருப்பநீர் இறக்கிக் காய்ச்சிய பனங்கட்டி, குட்டானோடு உள்ளே போய்க் கனவான்களின் நாவில் இனித்தது. பனையேறியவர் வாசலில் நின்றார். காய்க்குத் தீட்டில்லை, காய் பறித்த கைக்குத் தீட்டு! இதற்குப் பெயர் சைவமாம்!

‘சுத்தம் பார்த்தோம்; மச்சம் புசிப்போரைச் சேர்க்கவில்லை’ என்று சமாதானம் கூறுவார் உண்டு. இதைப்போலொரு பொய் வேறில்லை. பருத்தித்துறை கடலோரப் பட்டினம். மீனும் நண்டும் இறாலும் எமது வீடுகளின் அன்றாட உணவு. வெள்ளிக்கிழமை தோய்ந்து முழுகி விரதமிருந்துவிட்டு, சனிக்கிழமை கிடாயிறைச்சிப் பங்குக்கு முண்டியடித்த சைவப் பெருமக்களைச் சைவக்கடை ஒருநாளும் வெளியே நிறுத்தவில்லை. நாற்காலி இழுத்துப் போட்டது. அதே வேளை, ஆண்டு முழுவதும் கூழும் கீரையும் ஒடியற்பிட்டும் உண்டு ‘வீகனாகவே’ வாழ்ந்து மடிந்த ஏழை எளியவர் வெளியே நின்றனர். பார்க்கப்பட்டது தட்டன்று, தட்டைப் பிடித்த கை.

தட்டில் உள்ளதை மட்டும் பார்ப்பவன் சூரிச் கடைக்காரன். மேசைக்கு வந்த எம்மை அவன் எவடம் என்று கேட்கவில்லை. வெள்ளையர் யாவரும் உத்தமர் என்று பாட நாம் முன்வரவில்லை. அதே சுவிற்சர்லாந்து தன் பெண்களுக்குக் கூட்டாட்சித் தேர்தல்களில் வாக்குரிமை வழங்கியது 1971 இலேதான். இலங்கையிலோ ஆணும் பெண்ணும் 1931 இலேயே வாக்களித்தனர். அகதிகளை அந்நாட்டார் எல்லோரும் மாலையிட்டு வரவேற்றனர் என்றும் நாம் கூறோம். அந்த வீகன் கடையின் விலைப்பட்டியலும் ஏழைகளை எண்ணி எழுதப்பட்டதன்று. எனினும், காசு கொடுத்தவன் எவனாயினும் ஒரே மேசை, ஒரே கோப்பை என்ற அளவிலாவது அவன் நேர்மையாய் இருக்கின்றான்.

நாம் 1931 இல் வாக்குரிமை பெற்றோம். எமது தலைவர்களும் தேர்தல்தோறும் ஒடுக்கப்பட்டோர் குடிசைகளுக்கு நடந்து சென்று கைகூப்பினர். வாக்குக் கேட்கும்போது எவருக்கும் தீட்டில்லை. ஆனால் வாக்குச்சீட்டைப் பிடித்த அதே கையில் ஒரு கண்ணாடிக் குவளையைக் கொடுக்க எத்தனை ஆண்டுகள் சென்றன! 1930 ஆம் ஆண்டையொட்டிப் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்க வேண்டுமென்று கல்விப் பகுதியார் பணித்தபோது எழுந்த கூச்சலை முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தமது பிள்ளைக்கு அருகே வேறொரு பிள்ளை வாங்கில் அமர்ந்து விடுமே என்று பாடசாலைகளுக்குத் தீ வைத்தனர். கல்வியே எமது செல்வம் என்று பேசிய அதே குடாநாட்டிலே!

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1927 நவம்பரில், காந்தியடிகள் யாழ்ப்பாணத்துக்கு வந்து தீண்டாமையை ஒழியுங்கள் என்று எமது முற்றத்திலேயே நின்று சொல்லிப்போனார். வெளிநாட்டில் மரக்கறிக் கடை தேடி அலைவது இன்னதென்று நன்கறிந்தவர் அவர். இலண்டனில் மாணவராய் இருந்த நாட்களில் அத்தகைய கடையொன்றைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியைத் தன் வரலாற்றில் எழுதியவர். அந்நகர மரக்கறி உணவினர் சங்கத்தின் செயற்குழுவிலும் இருந்தவர். பின்னாளிற் பசுப்பாலையும் துறந்தவர். அவருக்கு உணவின் தூய்மையும் மனிதரைத் தீண்டுதலும் ஒன்றுக்கொன்று பகையாய்த் தோன்றவில்லை. எம்மவர் அவரிடம் முதலாவதைக் கேட்டுத் தலையாட்டினர். இரண்டாவதைக் கேட்டுக் கைதட்டினர். வீட்டுக்குப் போய்ச் சிரட்டையை எடுத்து வைத்தனர்.

1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது; அவ்வாண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம். கடை, கிணறு, கோயில் முதலிய பொது இடங்களிற் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பது அன்றிலிருந்து குற்றம். அப்போது பருத்தித்துறைத் தொகுதியின் உறுப்பினராய் இருந்தவர் பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்த பொன். கந்தையா. தமிழ்ப் பகுதியிலிருந்து அக்கட்சியின் சார்பிற் பாராளுமன்றம் சென்றவர் அவரே. எமது தொகுதிக்கு அது பெருமை. ஆயினும் சட்டம் கொழும்பிற் பிறந்தது. கடையோ பருத்தித்துறையிலும் நெல்லியடியிலும் இருந்தது. சட்டப் புத்தகம் தானாக வந்து வாங்கில் அமராது. ஆட்கள் அமர்ந்துதான் அதை உண்மையாக்க வேண்டியிருந்தது.

அமர்ந்தார்கள். எம். சி. சுப்பிரமணியம் போன்றோர் வளர்த்த சிறுபான்மைத் தமிழர் மகாசபையினர் 1950 களின் இறுதியிலே தேநீர்க் கடைகளுக்குள் நுழையும் இயக்கத்தைத் தொடங்கினர். 1966 ஒக்டோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. பொலிசாரின் தடியடி விழுந்தது. மறுவருடம் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் உருவாயிற்று. சங்கானையிலும் நெல்லியடியிலும் கொடிகாமத்திலும் ஒரு கோப்பைத் தேநீருக்காக மனிதர் மோதினர். 1968 இல் மாவிட்டபுரத்திற் கோயில் வாயிலில் மக்கள் படுத்துக் கிடந்தனர். அவ்வாண்டுகளில் உயிர்களும் பலியாயின. நன்றாக எண்ணிப் பாருங்கள், ஐயன்மீர்: சில சதம் பெறுமதியான தேநீர்! அதற்காக உயிர்! கே. டானியல் ‘பஞ்சமர்’ என்று நாவல் எழுதியது வெறுங் கற்பனையிலிருந்தன்று.

இந்தக் காலத்தை இன்னொரு பக்கத்தாலும் பார்க்க வேண்டும். 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது நாம் என்ன கேட்டோம்? சமத்துவம் கேட்டோம். நாமும் இந்நாட்டு மக்கள், எம்மை வாசலில் நிறுத்தாதே என்று கேட்டோம். 1961 இல் கச்சேரி வாசலிற் சத்தியாக்கிரகம் இருந்தோம். அக்கோரிக்கை நியாயமானது, இன்றும் நியாயமானது. ஆனால் கச்சேரி வாசலில் இருந்து எழுந்து, தாகத்துக்குத் தேநீர் குடிக்கப் போனபோது, உடன் இருந்தவருள் ஒருவருக்குக் குவளை, இன்னொருவருக்குப் போத்தல் என்றால், அந்தச் சமத்துவம் எத்தன்மையது? வெளியாரிடம் உரிமை கேட்ட வாய் வீட்டில் உரிமை மறுக்கலாமோ? அன்று இதைச் சொன்ன தமிழர் பலர் எல்லாக் கட்சிகளிலும் இருந்தனர். கேட்டவர்தாம் குறைவு.

“பழங்கதையைக் கிளறுகின்றீர்கள். போர் எல்லாவற்றையும் அடித்துச் சென்றுவிட்டது” என்பது அடுத்த சமாதானம். 1995 இல் வலிகாமத்தார் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வந்தபோது, ஒரே கிணற்றில் யார் யாரோ அள்ளினர். ஒரே கொட்டிலில் யார் யாரோ உறங்கினர். உண்மை. குண்டு விழும்போது எவரும் எவடம் என்று கேட்கவில்லை. குண்டு நின்றபின் கேட்கின்றனரே! 2018 இல் தென்மராட்சிக் கோயிலொன்றில் தேரை மனிதர் இழுக்கவில்லை, மண்வாரி இயந்திரம் இழுத்தது. ஆட்கள் போதாமையென்று கோயிலார் சொன்னார்கள்; ஒடுக்கப்பட்டோர் வடம் தொடலாகாதென்பதற்காகவே என்று ஊரிற் பலர் சொன்னார்கள். வடம் பிடிக்க ஆளில்லாத ஊரில் அன்னதானப் பந்திக்கு மட்டும் ஆட்கள் எங்கிருந்து வருகின்றனர் என்று எமக்கு விளங்கவில்லை. திருமண விளம்பரங்களைப் பாருங்கள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பிறந்து, பருத்தித்துறையை வரைபடத்தில்கூடக் காணாத பிள்ளைக்கும் ‘உயர்குலம்’ எழுதுகின்றார்கள்.

“இதையெல்லாம் எழுதினால் எதிரிக்கு வாய்ப்பாகும்” என்பது மூன்றாவது. அறுபது ஆண்டுகளாக இதைக் கேட்டு வருகின்றோம். குடும்பத்தில் ஒருவனைப் பட்டினி போட்டுவிட்டு, ‘சத்தம் போடாதே, அயலவன் சிரிப்பான்’ என்கின்ற மூத்த அண்ணனின் பேச்சு இது. சிரிப்புக்கு இடம் வைத்தவர் யார்?

மரக்கறி உணவை நாம் பழிக்கவில்லை. கொல்லாமையை வள்ளுவர் அதிகாரம் வகுத்துப் பேசினார். எமக்கும் அது உயர்ந்த அறமே. அதே வள்ளுவர் பிறப்பினால் எல்லோரும் ஒப்பர் என்றும் சொன்னார் என்பதை முழக்கக்காரர் மறந்துவிடுகின்றனர். ஒரு நூலிற் பிடித்த பக்கத்தை மட்டும் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுகின்றனர். எமது கத்தரிக்காய்ப் பால்கறியை வெள்ளையர் மெச்சி உண்ணட்டும். அதனால் வடமராட்சிக் கமக்காரனின் வெங்காயத்துக்கும் பனங்கட்டிக்கும் நல்ல விலை கிடைக்குமாயின் முதலில் மகிழ்பவர் நாமே. ஆனால் அதை ‘எமது சைவப் பண்பாட்டின் கருணை’ என்று விளம்பரம் செய்து விற்கும்போது, அக்கருணை யாருக்கு மறுக்கப்பட்டது என்பதையும் அதே மூச்சிற் சொல்ல வேண்டும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் இரங்கியவர்கள் அயல் வீட்டானுக்கு ஏன் இரங்கவில்லை?

ஆகவே வெளிப்படையாய்க் கேட்கின்றோம். யாழ்ப்பாண உணவின் பெருமை பேசி மலர் வெளியிடுவோர், அடுத்த மலரிலே தேநீர்க் கடைப் போராட்டத்துக்கு நான்கு பக்கம் ஒதுக்குவார்களா? எமது கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள், ஆண்டுதோறும் மண்டபத்துக்கும் மைதானத்துக்கும் காசு சேர்ப்பது போல, வாங்கில் இடம் மறுக்கப்பட்ட பிள்ளைகளின் வரலாற்றை உயிரோடிருக்கும் முதியோரிடம் கேட்டுப் பதிவு செய்யுமா? அவர்கள் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றார்கள். அன்னதான மடங்களின் பொறுப்பாளர், பந்தியில் முன்னே யார், பின்னே யார், சமைப்பது யார், அடுப்படிக்குள் விடப்படாதவர் யார் என்பதைச் சபையிலே சொல்லத் துணிவார்களா? துணிந்தால், அவர்களுடைய கணக்கை இவ்வேட்டின் முதற் பக்கத்திலேயே வெளியிடுவோம்.

எமது நண்பரைப் பற்றி ஒரு வார்த்தை. பீற்சாவுக்குக் காசு கொடுத்தவர் அவரே. அடுப்படித் தமிழருக்கென்று தாராளமாகக் கைக்காசும் வைத்தார். திரும்பி ட்ராம் வண்டியில் வரும்போது வெகுநேரம் மௌனமாயிருந்தார். பின்னர், “நல்ல பொடியன்” என்றார். சிறிது பொறுத்து, “எவடமெண்டுதான் கடைசிவரை சொல்லேல்லை” என்றார்.

அவர் இவ்வேட்டின் நெடுங்காலச் சந்தாதாரர். இதனை வாசிப்பார், வாசித்ததும் தம்மை அடையாளம் கண்டுகொள்வார். மறுப்பு எழுத விரும்பினால் எழுதட்டும். ஒரு சொல்லும் வெட்டாமல் வெளியிடுகின்றோம்.